சிர் பைன் காட்டில் சருகு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? பிருலை அள்ளினால் ஊற்று வற்றுமா?

கேள்வி – ஏப்ரல் 12

உத்தராகண்டின் குமாவுன் மலையில் சிர் பைன் காட்டுத் தரையில் கிடக்கும் ஊசியிலைச் சருகை (அங்கே அதன் பெயர் பிருல்) தீக்குப் பயந்து அள்ளச் சொல்கிறார்கள். காசும் கொடுக்கிறார்கள். ஆனால் சருகு ஒரு பஞ்சு. ஹெக்டேருக்கு 14 டன் உலர்ந்த சருகு இருக்கிறது, அது தன் எடையைப் போல் இரண்டு மடங்கு நீர் பிடிக்கும் என்று வைத்தால் 28 டன், 28,000 லிட்டர் தண்ணீர். அதை அள்ளிவிட்டால் கீழே உள்ள நௌலாவுக்கு, அதாவது ஊற்றுநீர் சேரும் கல்தொட்டிக்கு, நீர் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம், அதே ஊர்க்காரர்கள் "பைன் வந்தால் தண்ணீர் போகும், பாஞ்ச் ஓக் இருந்தால்தான் ஊற்று" என்கிறார்கள் (பாஞ்ச் என்பது அந்த மலையின் அகன்ற இலை ஓக் மரம்). இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ஏப்ரல் 12, இரவு

கணக்கு சரிதான், அலகுதான் கண்ணைக் கட்டுகிறது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 28,000 லிட்டரை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 2.8 லிட்டர், அதாவது 2.8 மி.மீ. மழை. டன்/ஹெக்டேரைப் பத்தால் வகுத்தால் மி.மீ. வந்துவிடும். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாததால்தான் "லட்சக்கணக்கான லிட்டர்" என்ற பேச்செல்லாம் கிளம்புகிறது. ஜூலையில் ஒரே நாளில் 80, 100 மி.மீ. கொட்டும் சரிவில் 2.8 மி.மீ. என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏப்ரல் 13

அந்த 2.8 கூட உச்ச அளவு. இரண்டு மடங்கு என்ற எண், சருகை வலைப்பையில் கட்டி 24 மணி நேரம் வாளியில் முக்கி எடுத்துக் கிடைப்பது. காட்டில் சருகு வாளிக்குள் கிடப்பதில்லை. மழை மேலிருந்து விழுகிறது, ஊசிகளை நனைக்கிறது, இடுக்குகளில் இறங்கிப் போகிறது. அதனால் சீன வனவியல் ஆய்வுகளில் பரவலாகப் புழங்கும் சூத்திரம் உச்ச அளவை 0.85-ஆல் பெருக்கி, சருகில் முன்பே உள்ள ஈரத்தைக் கழிக்கிறது:

நிகரத் தேக்கம் = (0.85 × உச்ச நீர்ப்பிடிப்பு விகிதம் − அப்போதைய ஈரம்) × சருகின் உலர் எடை

உச்ச விகிதம் 2.0, ஈரம் 0.4 (இரண்டும் உலர் எடையின் மடங்கில்), எடை 14 டன் என்று போடுங்கள். (1.7 − 0.4) × 14 = 18.2 டன். அதாவது 1.8 மி.மீ. இது கோடைச் சருகு. ஆகஸ்டில் ஈரம் 1.2 இருக்கும்போது அதே சருகில் இடம் மிஞ்சுவது 7 டன்னுக்கு, அதாவது 0.7 மி.மீ.க்கு. மழை விடாமல் பெய்யும் வாரத்தில் பூஜ்யம்.

இதைவிட முக்கியமான ஒன்று. சருகு பிடித்து வைத்த நீர் ஊற்றுக்குப் போகாது. புவியீர்ப்பு இழுத்தும் இறங்காமல் ஊசியின் மேல் ஒட்டி நிற்பதைத்தான் "பிடித்த நீர்" என்று எடை போடுகிறோம். மழை விட்டதும் அது காற்றோடு போகும். ஊற்றின் கணக்கேட்டில் அது வரவு அல்ல, செலவு. ஒவ்வொரு முறை காய்ந்து நனையும்போதும் ஒன்றரை மி.மீ. அளவில் கழிந்துகொண்டே இருக்கும். சிறுமழை விட்டுவிட்டுப் பெய்யும் பருவத்தில் இந்தக் கழிவு கணிசமானது, அடைமழையில் பொருட்டே அல்ல.

ஏப்ரல் 13, பிற்பகல்

"அப்படியானால் சருகை எல்லாம் வாரி விற்றுவிடலாமா" என்று கீழே கருத்து எழுதிய ஒருவர் உற்சாகமாகிவிட்டார். பொறுங்கள், சாக்கைக் கீழே வையுங்கள். சருகு நீர் சேமிக்கும் தொட்டி இல்லை என்றுதான் சொன்னேன், வேலையற்றது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 14

சருகின் முதல் வேலை, மண்ணின் வாயை அடைபடாமல் காப்பது.

வளர்ந்த சிர் பைனுக்குக் கீழ்க்கிளைகள் பெரும்பாலும் கிடையாது. கிளைக்கூட்டம் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் நிற்கும். மழைநீர் அங்கே ஊசிகளில் சேர்ந்து, திறந்தவெளி மழைத்துளியைவிடப் பருத்த துளியாகச் சொட்டுகிறது. எட்டு மீட்டருக்கு மேலிருந்து விழும் பெரிய துளி தன் உச்ச வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். ஆகவே மரத்தடியில் வெறும் மண் இருந்தால், மரமே இல்லாத இடத்தைவிட அடி பலமாக விழும். "மரம் இருக்கிறது, மண் அரிக்காது" என்பது இங்கே தலைகீழ். அடி விழுந்த மண்ணில் நுண்துகள் தெறித்து, துளைகளின் வாயில் படிந்து, காய்ந்ததும் மேலே ஒரு மெல்லிய ஓடு கட்டும். அப்புறம் அடியில் எவ்வளவு இடம் இருந்தும் நீர் உள்ளே போகாது.

இரண்டாவது, மேலே ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து, உள்ளே போக அவகாசம் தருவது. மூன்றாவது, வெயிலில் மண் காயாமல் போர்த்தி வைப்பது. நான்காவது மெதுவானது, ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்: மண்புழு, கறையான், பூஞ்சை இவற்றுக்குத் தீனி. பெரிய துளைகளைப் போடுபவை இவையும் செத்த வேர்களும்.

ஏப்ரல் 16

தொட்டி மண்தான் என்றால் எவ்வளவு பெரிய தொட்டி? 60 செ.மீ. ஆழ மண்ணை எடுத்துக்கொள்வோம். மொத்தத் துளைவெளி 55 சதவீதம், அதில் நுண்துளை 43, பெருந்துளை 12 என்று வைப்போம். ஆழத்தை மி.மீ.யில் எடுத்துச் சதவீதத்தால் பெருக்கினால் நுண்துளையில் 258 மி.மீ., பெருந்துளையில் 72 மி.மீ.

இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல. நுண்துளை நீர் மண்ணோடு ஒட்டி நிற்கும், வேர் உறிஞ்சும், அதில் ஒரு பகுதி வேருக்கும் எட்டாது. ஊற்றுக்குக் கீழிறங்குவது பெரும்பாலும் பெருந்துளை வழியாக வந்து போகும் நீர். மழைக்கு மழை நிரம்பி வடிவது அதுதான். ஆகவே ஒரு காடு ஊற்றுக்கு உதவுமா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது மேல் 20 செ.மீ.யின் பெருந்துளை விகிதத்தை. சருகு எடையை அதற்குப் பிறகுதான்.

மட்கு சேர்ந்தால் மண் தண்ணீரை வாரிப் பிடிக்கும் என்பதும் ஊதிப் பெருக்கிய சொல். மண்ணியலாளர்கள் புதிமான் மினாஸ்னியும் அலெக்ஸ் மெக்பிராட்னியும் 2018-ல் உலகெங்குமுள்ள அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கரிமக் கார்பன் 1 சதவீதம் ஏறினால் பயிர் எடுக்கத்தக்க நீர் சராசரியாக 100 மி.மீ. மண்ணுக்கு 1.16 மி.மீ. மட்டுமே கூடுகிறது. மட்கின் பெருமை மண்கட்டிகளை ஒட்டவைத்துப் பெருந்துளையைத் திறந்து வைப்பதில் இருக்கிறது. தானே குடித்து வைத்துக்கொள்வதில் அல்ல.

ஏப்ரல் 16, இரவு

கல்லை விட்டுவிட்டேனே என்று சுட்டியவருக்கு: ஆமாம், கழித்தே ஆக வேண்டும். சிர் பைன் நிற்கும் சரிவுகளில் கல் நிறைய. கனஅளவில் 30 சதவீதம் கல் என்றால் மேலே சொன்ன 72 மி.மீ. 50-ஆகச் சுருங்கும். மாதிரி எடுப்பவர்கள் கல் இல்லாத இடமாகத் தேடி, மண் எடுக்கும் வளையத்தை இறக்குவார்கள், பிறகு அந்த எண்ணை மலை முழுக்கப் பரப்புவார்கள். அறிக்கைகளில் வரும் பிரமாண்டத் தேக்க அளவுகள் பலவற்றின் ரகசியம் இதுதான்.

ஏப்ரல் 19

சருகை அளப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். எளிய கருவிகளே போதும்.

50 × 50 செ.மீ. மரச்சட்டம். சரிவின் மேல், நடு, கீழ் மூன்றிலும் குறைந்தது ஐந்தைந்து இடம். மரத்தை ஒட்டி மட்டும் எடுக்காதீர்கள், அங்கே சருகு தடித்துக் கிடக்கும். சட்டத்தை வைத்ததும் உள்விளிம்பை ஒட்டிக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். சிர் ஊசி 20 முதல் 30 செ.மீ. நீளம். வெட்டாமல் கையால் பிடுங்கினால் சட்டத்துக்கு வெளியே கிடப்பதும் கூடவே வந்து எடை ஏறும்.

மேலடுக்கு (பழுப்பு ஊசி, முழுசாக இருக்கும்), நடு அடுக்கு (கறுத்து நொறுங்கும், வெள்ளைப் பூஞ்சை இழை தெரியும்), அடி மட்கு – மூன்றையும் தனித்தனிப் பையில் போட்டு அன்றைக்கே ஈர எடை பாருங்கள். உலர்த்துவது 65–70 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும் வரை, சுமார் இரண்டு நாள். மண்ணுக்குப் பழகிய கையோடு 105-ல் வைத்தால் பைனின் பிசினில் உள்ள ஆவியாகும் பொருளும் போய், எடை குறைந்து, ஈரம் கூடுதலாகக் காட்டும்.

ஊறவைக்க நைலான் வலைப்பை. வெறும் பையை நனைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள், பலரும் விடுவது இதைத்தான். சருகு மிதக்கும், மேலே ஒரு வலைத்தட்டை வைத்து அமுக்குங்கள். கால் மணி, அரை மணி, 1, 2, 4, 8, 24 மணியில் எடுத்து, சொட்டு நிற்கும் வரை தொங்கவிட்டு, எடை. "சொட்டு நிற்கும் வரை" என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஐந்து நிமிடம் என்று முடிவு செய்துவிட்டு எல்லாப் பைக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

வரைந்து பார்த்தால் முதல் இரண்டு மணியில் செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துவிடும். நேரத்தின் மடக்கையோடு நேர்கோடாக வரும். வராவிட்டால் பெரும்பாலும் வலைக்கண் பெரிதாக இருந்து நொறுங்கல் கழன்றுபோயிருக்கும்.

புதிய ஊசியின் மேல் மெழுகு இருப்பதால் மேலடுக்கு குறைவாகவே பிடிக்கும், நடு அடுக்கு அதிகம் பிடிக்கும். அடி மட்கில் கனிம மண் கலந்திருக்கும். கையளவை 550 டிகிரியில் எரித்து மிஞ்சும் சாம்பலை எடை போட்டுத் திருத்தாவிட்டால் சருகு எடை தாறுமாறாக ஏறும்.

ஏப்ரல் 20

மண் வளையம்: 100 கன செ.மீ. உருளை. சருகை விலக்கி, சுத்தியால் நேரே அடிக்காமல் மேலே ஒரு கட்டை வைத்து மெல்ல இறக்கவும். வேர் தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அழுத்தி இறக்கினால் மண் இறுகிவிடும். மண்ணை நீரால் நிறைவிக்க, வளையத்தின் அடியில் வடிதாள் கட்டி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிற்கும் தட்டில் 12 முதல் 24 மணி. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும், துளைவெளி குறைவாகத் தெரியும். பிறகு உலர்மணல் மேல் இரண்டு மணி நேரம் வைத்தால் வடிந்து போவது பெருந்துளை நீர், மிஞ்சுவது நுண்துளை நீர். இது தோராய முறை. அழுத்தம் கொடுத்து மண்நீரை வெளியேற்றும் நீரழுத்தத் தட்டு வசதி இருந்தால் அதுவே மேல்.

பருமனடர்த்தியிலிருந்து (துளைகளையும் சேர்த்த உலர்மண்ணின் அடர்த்தி) துளைவெளியைக் கணக்கிடுவோர் கவனிக்க: 1.2 கிராம்/க.செ.மீ. மண்ணுக்கு 2.65 என்ற துகளடர்த்தியை (துளையில்லாத மண்துகளின் அடர்த்தி) போட்டால் 54.7 சதவீதம் வரும். மட்கு மிகுந்த மேல்மண்ணில் துகளடர்த்தி 2.65-ஐ விடக் குறைவு. ஆகவே உண்மைத் துளைவெளி இதைவிடக் கீழேதான்.

நீர் உட்புகும் வேகத்தை அளக்க, ஒன்றுக்குள் ஒன்றாக மண்ணில் இறக்கி நீர் ஊற்றும் இரட்டை வளையம் சரிவில் தொந்தரவு. கீழ்விளிம்பில் நீர் ஒழுகும், மேல்விளிம்பில் ஆழம் பத்தாது. சிறிய ஒற்றை வளையமே போதும், ஆனால் சருகைக் கத்தியால் வளைய வடிவில் வெட்டிய பிறகே இறக்கவும். வெட்டாமல் அடித்தால் ஊசிகள் விளிம்போடு மண்ணுக்குள் போய் ஒழுகு வழி ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் சருகோடு ஒன்று, சருகை எடுத்துவிட்டு ஒன்று என இணையாகப் பாருங்கள். சருகு எடுத்த அன்றே அளந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு மழைக்காலம் வெறும் மண்ணாகக் கிடந்த பிறகு அளந்தால்தான் மேலே சொன்ன ஓடு கட்டுவது எண்ணில் தெரியும்.

கையடக்க இழுவிசை உட்புகுமானி (நீரைச் சற்றுப் பின்னிழுத்தபடியே மண்ணுக்குள் விடும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: 2 செ.மீ. இழுவிசையில் வைத்தால் சுமார் 1.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகள் வேலை செய்யாது. காட்டு மண்ணின் சிறப்பே அந்தத் துளைகளில் இருப்பதால், அந்த ஒரே அளவை வைத்துக்கொண்டு காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் ஒப்பிட்டு "வித்தியாசமில்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

ஏப்ரல் 23

14-ஆம் தேதிக் குறிப்பில் சருகை ஒரேயடியாக நல்ல பிள்ளையாக்கிவிட்டேன். பைன் சருகுக்கே உரிய இரண்டு வில்லங்கங்களையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, செங்குத்துச் சரிவில் நீள ஊசிகள் தலைகீழாகச் சரிந்து, எல்லாம் கீழ்நோக்கி ஒரே திசையில் படியும். கீற்று வேய்ந்த கூரை மாதிரி. மேலடுக்கு தடித்த இடத்தில் மழையின் ஒரு பங்கு மண்ணைத் தொடாமலே சருகுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடிவிடும். நடு அடுக்கு நன்றாக மக்கி இருக்கும் இடத்தில் இது குறைவு.

இரண்டு, நீர் விலக்கும் மண். பைனின் மெழுகும் பிசினும் பூஞ்சை இழைகளும் மண்துகள் மேல் படிந்து, காய்ந்தால் நீரை ஒட்டவிடாது. சோதனைக்கு ஒரு சொட்டுக்குழாயும் கைக்கடிகாரமும் போதும். சருகை விலக்கி, மண்மேல் துளி வைத்து, உறிஞ்ச எடுக்கும் நேரம் பாருங்கள். 5 நொடிக்குள் போனால் பிரச்சினை இல்லை. 60 நொடி வரை லேசான விலக்கம், 600 வரை கடுமை, ஒரு மணி நேரம் வரை மிகக் கடுமை, அதற்கும் மேல் தீவிரம். ஒரு துளியோடு நிறுத்தாமல் பத்துத் துளியாவது வையுங்கள், ஒரு சாண் இடைவெளியில் 3 நொடியும் 10 நிமிடமும் வரும். பிறகு ஒவ்வொரு செ.மீ.யாகச் சுரண்டிக் கீழேயும் பாருங்கள்.

மே மாதத்தில் பார்க்க வேண்டும். பருவமழை பிடித்து மண் ஊறிய பிறகு இந்த விலக்கம் மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்பும். முதல் இடிமழை காட்டிலிருந்து கலங்கலாக ஓடிவருவதும் அதே காடு ஆகஸ்டில் தெளிந்த நீர் விடுவதும் இதனால்தான்.

தீ இதைக் கூட்டும். சுமார் 175 முதல் 270 டிகிரி வரை சூடேறினால் மெழுகு ஆவியாகி, கீழே குளிர்ந்த மண்ணில் படிந்து, சில செ.மீ. ஆழத்தில் ஒரு விலக்கு அடுக்கு உண்டாகும். 280-ஐத் தாண்டிய இடத்தில் அது எரிந்தே போகும். அதனால் தீப்பட்ட சரிவில் மேலே சாம்பல் நீரை உறிஞ்சும், இரண்டு விரல்கடை கீழே நின்றுவிடும். மேல் துளி உடனே போனதைப் பார்த்து ஏமாறாமல் சுரண்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏப்ரல் 27

இனி பாஞ்ச்–சிர் வழக்கு. "பாஞ்ச் ஊற்றைத் தருகிறது" என்பதில் பாதி, இடத்தின் புண்ணியம். பாஞ்ச் ஓக் இயல்பாக நிற்பது சற்று உயரத்தில், வடக்கு பார்த்த ஈரச் சரிவில், ஆழ மண்ணில். சிர் பைன் சுமார் 2,300 மீட்டர் வரை, தெற்கு பார்த்த, கல் மண்டிய, காய்ந்த சரிவிலும் தாக்குப்பிடிக்கும். இரண்டு காட்டிலும் அளந்து "ஓக் மண்ணில் நீர் அதிகம்" என்றால், ஓக் வந்து நீர் வந்ததா, நீர் இருந்ததால் ஓக் வந்ததா என்று கேட்க வேண்டும். நிலவியலாளர்கள் கே. எஸ். வால்தியாவும் எஸ். கே. பர்த்தார்யாவும் 1980-களின் இறுதியில் கௌலா ஆற்றின் நீர்ப்பிடிப்பில் ஊற்றுகள் மெலிந்து வருவதைக் காட்டியபோது, பாறையின் அமைப்பும் பிளவும்தான் ஊற்று எங்கே வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதையும் சேர்த்தே காட்டினார்கள்.

மீதிப் பாதி உண்மை. ஓக் இலை சீக்கிரம் மக்கி மண்ணோடு கலக்கும். பைன் ஊசியில் தழைச்சத்து குறைவு, லிக்னின் என்னும் கடினப் பொருள் அதிகம், மக்க நாளாகும், அதற்குள் தீ வந்துவிடும். மக்குவதற்கு முன்பே ஆண்டுதோறும் எரிந்தால், சருகு எவ்வளவு விழுந்தாலும் மண்ணுக்குப் போய்ச் சேர்வதில்லை.

இந்த விவாதத்துக்கே மையமான சான்று நேபாளத்தில் இருக்கிறது. காத்மாண்டுக்குக் கிழக்கே ஜிக்கு கோலா படுகையில் சீரழிந்த மேய்ச்சல் நிலம், அப்போதைக்குச் சுமார் 25 ஆண்டு முன் நட்ட சிர் பைன் காடு, இயற்கை அகன்ற இலைக்காடு மூன்றையும் கிமிரே, புரூயின்சீல் ஆகிய ஆய்வாளர்களின் குழு ஒப்பிட்டு 2013-ல் எழுதியது. பைன் காட்டு மேல்மண்ணின் நீர் விடும் திறன் மேய்ச்சல் நிலத்தைவிடப் பெரிதாகத் தேறவில்லை. இயற்கைக் காட்டில் அது பல மடங்கு. அவர்கள் காட்டிய காரணம், சருகையும் அடிச்செடியையும் விறகையும் மக்கள் தொடர்ந்து அள்ளியது. மரம் மட்டும் வளர்ந்து நீரைக் குடித்தது, மண் வாய் திறக்கவில்லை.

கேள்வியில் முரண்பட்டு நின்ற இரண்டு கூற்றும் இங்கே சந்திக்கின்றன: சருகு மண்ணின் வாயைக் காக்கும், அதை அள்ளிக்கொண்டே இருந்தால் பைன் காடு நீரைக் குடிக்க மட்டும் செய்யும்.

மே 2

"கொடைக்கானல் பைன் காட்டுக்கும் இதே கதையா?" – மரம் வேறு. அங்கே நிற்பது பைனஸ் பாட்டுலா, மெக்சிகோ மரம், ஊசி மென்மையாகத் தொங்கும். வேறுபாடு அதைவிட அடியில் இருக்கிறது. குமாவுனில் சிர் அந்த மண்ணுக்கே உரியது. பழனி மலையில் பைனும் வாட்டில் என்னும் அகேசியா மரமும் யூகலிப்டசும் ஏறியது சோலைக்காடுகளுக்கு இடைப்பட்ட புல்வெளி மேல். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்டக் காடாகவும் விவசாயமாகவும் போய்விட்டது.

புல்வெளி மண் முன்பே நன்றாக நீர் வாங்கும் மண். அதில் மரம் நட்டு உட்புகுதலைக் கூட்ட ஒன்றும் இல்லை. கூடுவது செலவு மட்டும்: கிளைக்கூட்டம் தடுத்து ஆவியாக்குவதும் வேர் குடிப்பதும். தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையில் கதீட்ரல் பீக் சோதனைப் படுகைகளில் இதே பாட்டுலாவைப் புல்வெளியில் நட்டு ஓடை நீர் குறைவதை அளந்து காட்டிவிட்டார்கள். நீலகிரி கிளன்மார்கனில் நட்டது யூகலிப்டஸ். நட்டு வெட்டும் முதல் சுழற்சியிலேயே புல்வெளியோடு ஒப்பிட ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது.

மூடுபனியை ஊசிகள் சீவிச் சொட்டவிடுமே என்பீர்கள். சொட்டும், மரத்தடி நனையும். மரம் குடிப்பதை அது ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை.

மே 3

"சுற்றுலாக்காரர்கள் மிதிப்பது?" – தடிமனான சருகு இருக்கும்வரை தாங்கும். கொடைக்கானலில் படமெடுக்கும் இடங்களில் சருகு தேய்ந்து வேர் தெரியும், அங்கே துளிச் சோதனையே வேண்டாம், பாட்டில் நீரைக் கவிழ்த்தாலே ஓடிவிடும். வழுக்கி விழுவோர் எண்ணிக்கையும் ஒரு நல்ல குறியீடுதான்.

மே 9

சரி, பிருலை அள்ளலாமா? உத்தராகண்ட் அரசு 2024 மே மாதத்தில் கொள்முதல் விலையைக் கிலோ 3 ரூபாயிலிருந்து 50 ஆக்குவதாக அறிவித்தபோது இந்தக் கேள்வி சூடு பிடித்தது. விலை ஏறினால் மேலாக வாருவதோடு கை நிற்காது என்பதுதான் கவலை.

என் தீர்ப்பு: அள்ளலாம், மேலடுக்கை மட்டும், சில இடங்களில் மட்டும். ஆண்டுதோறும் எரிவதைவிட அது மேல். ஆனால் நடு அடுக்கைத் தொட்டால் தீ செய்யும் வேலையை வாருகோலே செய்துவிடும்.

பல் இடைவெளி அகன்ற மர வாருகோல் எடுங்கள். நெருங்கிய பல்லுள்ள இரும்பு வாருகோல் கறுத்த அடுக்கையும் பெயர்க்கும். பழுப்பு ஊசி போய்க் கறுப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும், மண் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. இடம்: சாலை ஓரம், ஊர் விளிம்பு, தீத்தடுப்புக் கோடு, இவற்றை ஒட்டிய பட்டை. விடவேண்டிய இடம்: ஓடைக்கரை, 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு, ஊற்றுக்கு நீர் இறங்கும் மேட்டுப் பகுதி. ஊசி பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உதிர்கிறது, தீக்காலமும் அதுவே. ஒரே முறை மார்ச்சில் வாரினால் புதிதாக விழுவது அப்படியே கிடக்கும். பட்டையை இரண்டு மூன்று முறை லேசாக வாருவதுதான் பயன். ஜூன் பாதிக்கு மேல் வாரவே கூடாது, மழை அடிக்கும்போது மண் மூடியிருக்க வேண்டும்.

வாரியதில் ஒரு பங்கை ஓடைக்குப் போடலாம். பிருலை இறுக உருட்டி, முட்கம்பியோ கயிறோ கட்டி, சிறு ஓடையின் குறுக்கே முளையடித்து நிறுத்தினால் வண்டலைப் பிடிக்கும். அரை மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், பக்கக் கரையை அறுத்துக்கொண்டு போகும்.

மே 11

ஊற்றுக்காகத்தான் கவலை என்றால், மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் குழி சருகைவிட அதிகம் செய்யும். கணக்கு இதோ: 3 மீ. நீளம், அரை மீ. அகலம், அரை மீ. ஆழம் என்றால் முக்கால் கன மீட்டர். ஹெக்டேருக்கு 200 குழி போட்டால் 150 கன மீட்டர், அதாவது 15 மி.மீ. சருகின் 1.8-ஐப் போல எட்டு மடங்கு, தவிரவும் ஒவ்வொரு பெருமழைக்கும் நிரம்பி இறங்கும். உத்தராகண்டின் பௌடி கட்வால் மாவட்டத்தில் உஃப்ரைன்கால் பக்கம் சச்சிதானந்த பாரதியும் கிராமத்தாரும் 1980-களிலிருந்து செய்துவருவதும் இதன் வகையே: காட்டுக்குள் ஆயிரக்கணக்கான சிறு குழிகள், சுற்றிலும் அகன்ற இலை மரங்கள்.

வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளிப் போடுங்கள், சமமட்டம் தப்பினால் குழி கால்வாயாகிக் கீழே உடைக்கும். செங்குத்தான, மண் இளகிய சரிவில் போடவே கூடாது, ஊறிய மண் சரிந்து வரும். முக்கியமாக, ஊற்றுக்கு மேலே உள்ள சரிவுதான் அதன் நீர்ப்பிடிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாறையடுக்கு சாயும் திசையைப் பாருங்கள். அடுக்கு மலைக்கு உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் இந்தப் பக்கம் வெட்டிய குழியின் நீர் முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போகலாம். புண்ணியம் உண்டு, தண்ணீர் இல்லை.

மே 12

குழியில் பிருல் நிறைந்துவிடுகிறதே என்றவருக்கு: நிறையும். கொஞ்சம் கிடந்தால் நல்லது, வண்டல் நேராக அடியில் படியாமல் தடுக்கும். ஒரு சாணுக்கு மேல் சேர்ந்து, அடியில் நுண்மண்ணோடு கலந்து மெழுகியது போலானால் நீர் இறங்குவது நின்றுவிடும். ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை வழித்து, அடிமண்ணை மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிடுங்கள். வழித்ததைக் குழியின் கீழ்க்கரையில் போட்டால் கரை அரிக்காது. மழை பெய்து ஒரு நாள் கழித்தும் குழியில் நீர் நின்றால் கொத்தியது போதவில்லை, அல்லது அந்த இடத்தில் அடிப்பாறை நெருங்கிவிட்டது. இரண்டாவதென்றால் அந்தக் குழியைக் கைவிட்டுப் பக்கத்தில் தோண்டுங்கள்.